தண்ணி இறைச்சது யாரு?

எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும் அதே பாட்டுதான். விடியற்காலையில் எழுந்திருங்கள், வெறும் வயிற்றில் வெந்நீர் குடியுங்கள், அரை மணி நேரம் நடங்கள், முளைகட்டிய பயறு சாப்பிடுங்கள், சாதத்தைக் குறைத்துச் சிறுதானியத்துக்கு மாறுங்கள், ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடியுங்கள், வாழ்க்கையே மாறிவிடும். மாறாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேருடைய வாழ்க்கை மாறிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் மாற்றிக்கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் எந்தப் பத்திரிகையும் மூச்சு விடுவதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல பழக்கத்துக்கு நான் எதிரி இல்லை. இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, சர்க்கரை. போன வருஷம் ரிடையர் ஆன கையோடு எடுத்த டெஸ்டில் மூன்று மாதச் சராசரி எட்டைத் தாண்டியிருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் பேசினார். சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷனும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கு வந்தது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். எங்கள் தெருவில் கதவைத் தட்டிக் கேட்டால் இன்னும் கூட வரும். ஆகவே இவர் மாறித்தான் ஆகவேண்டும். மாறினார். எப்படி மாறினார் என்பதுதான் கதை.

முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் பார்த்த கை சும்மா இருக்குமா? ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கட்டம் கட்டி, ஒரு சார்ட் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். 5.00 எழுதல். 5.10 சீரகத் தண்ணீர் அருந்துதல். 5.30 முதல் 6.30 வரை நடை. 7.00 முளைப்பயறு. 8.15 எண்ணெய் இல்லாத சிற்றுண்டி. 11.00 மோர். பக்கத்தில் டிக் அடிக்க ஒரு கட்டம். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்து எத்தனை சதவீதம் என்று போட இன்னொரு கட்டம். நின்று நிதானமாகப் படித்துப் பார்த்தேன். சீரகத் தண்ணீர் அருந்துதல் இருக்கிறது. கொதிக்கவைத்து வடிகட்டி ஃபிளாஸ்கில் ஊற்றிவைத்தல் இல்லை. முளைப்பயறு உண்ணுதல் இருக்கிறது, முளைகட்டுதல் இல்லை. மோர் இருக்கிறது, பால் வாங்கி, காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றி... வேண்டாம், விடுங்கள்.

முளைப்பயறை மட்டும் கொஞ்சம் பிரித்துக் காட்டுகிறேன். நாளைக் காலையில் சாப்பிட வேண்டிய பயறு இன்று காலையே தண்ணீருக்குள் போயாக வேண்டும். ஆபீஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் கல் பொறுக்கி, இரண்டு தண்ணீர் அலசி, ஊறப் போட்டுவிட்டுத்தான் பஸ் பிடிக்க ஓடுகிறேன். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றியதும் முதல் வேலை அதை வடிப்பது. வடித்து, பழைய வேட்டித் துணியில் கட்டி, சமையலறைக் குழாயில் தொங்கவிட வேண்டும். துணி காயவும் கூடாது, சொட்டவும் கூடாது. காய்ந்தால் பயறு முறைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். ஈரம் மிஞ்சினால் வழவழத்து நாற்றம் எடுத்துவிடும். சித்திரை வெயிலில் ராத்திரிக்குள் முளைத்துவிடும். ஐப்பசி மழையில் மறுநாள் மத்தியானம்வரை இழுக்கும், அதனால் மழைக்காலத்தில் இரண்டு கிண்ணம் ஓட்ட வேண்டும், இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. முளைவிட்ட வால்கள் துணியின் இழைக்குள் புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும். வெடுக்கென்று இழுத்தால் வால் துணியோடு நின்றுவிடும், பயறு மட்டும் கையில் வரும். துணியைப் பின்பக்கத்திலிருந்து நெருடி நெருடி உதிர்க்க வேண்டும். பிறகு அந்தத் துணியை அலசிக் காயப்போட வேண்டும், அடுத்த கட்டுக்கு. இவ்வளவும் முடிந்து பயறு தட்டில் வந்து உட்கார்ந்ததும், இவர் சாப்பிட்டுவிட்டு ஃபிரிட்ஜ் கதவுக்குப் போய் ஒரு டிக் போடுகிறார். டிக் போடுகிற சத்தம் எனக்கு அடுப்படிவரை கேட்கிறது.

சிறுதானியம் வேறு. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தாலும் அறிவித்தது, ஆண்டு முடிந்துவிட்டது, எங்கள் அடுப்பில் முடியவில்லை. இவருக்கு மத்தியானம் வரகு அல்லது சாமை. மகனுக்கு அது தொண்டையில் இறங்காது, அவனுக்கு அரிசிச் சோறு, அதுவும் தராசில் நிறுத்து. எண்பதைத் தாண்டிய அத்தைக்குப் பல் இல்லை, குழைய வடித்த பச்சரிசி. ஒரே வீட்டில் மூன்று உலை, அதுவும் ஒன்பதே காலுக்கு நான் படியிறங்குவதற்குள். குதிரைவாலி வைத்தவர்களுக்குத் தெரியும், ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பினால் களியாகிவிடும். “நேத்து உதிரி உதிரியா இருந்துச்சே, இன்னைக்கு என்ன ஆச்சு?” என்று கேட்பார். என்ன ஆச்சு? கேஸ்காரர் பெல் அடித்தார், சிலிண்டரை வாங்கிப் பணம் கொடுத்தேன், அதுதான் ஆச்சு.

நடைக்கு வருவோம். காலையில் அண்ணா ஸ்டேடியம் பக்கம் போகிறார். அங்கே ஒரு கோஷ்டி சேர்ந்திருக்கிறது. எல்லாரும் ரிடையர் ஆனவர்கள், எல்லாரும் சர்க்கரையும் பிரஷரும். நாட்டு நிலவரத்தைப் பேசிக்கொண்டே நான்கு சுற்று. சுற்று முடிந்ததும் டீக்கடை. சர்க்கரை இல்லாத டீ, சர்க்கரை இல்லாத காரணத்தால் கூடவே இரண்டு கீரை வடை. கீரை உடம்புக்கு நல்லதுதானே? இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சட்டைப் பையில் எண்ணெய்க் கறையோடு மடித்துவைத்த பேப்பர் துண்டு கிடந்தால், துவைக்கிறவளுக்குத் தெரியாமல் போகுமா?

மகன் வேறு ரகம். ஐ.டி. வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. ஜிம்முக்குப் போகிறான். காலையில் ஆறு அவித்த முட்டை, வெள்ளைக்கரு மட்டும். மஞ்சள்கரு ஆறும் ஒரு கிண்ணத்தில் அனாதையாகக் கிடக்கும். தூக்கி எறிய எனக்கு மனசு வராது. மிளகுத்தூள் போட்டு உதிர்த்து, வெங்காயத்தோடு வதக்கி, அதுதான் பல நாள் எனக்கு டப்பாவில் போகிறது. என் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று இந்த வீட்டில் யாரும் சார்ட் போடவில்லை. புரோட்டீன் பவுடர் கலக்குகிற ஷேக்கரை மூடியோடு பைக்குள் வைத்து மறந்துவிடுவான். சாயங்காலம் அதைத் திறக்கிறவருக்கு ஒரு வாரத்துக்குப் பால் என்றாலே பிடிக்காது. கேட்டால் “சாரிம்மா” என்பான். ரொம்ப நல்ல பிள்ளை.

இந்த நல்ல பிள்ளைதான் எனக்குப் பாடம் எடுக்கிறான். பழக்கங்களைப் பற்றி இங்கிலீஷில் வந்த புத்தகங்களெல்லாம் அவன் அலமாரியில் இருக்கின்றன. ஜேம்ஸ் கிளியரின் ‘அடாமிக் ஹாபிட்ஸ்’ முழுக்க மஞ்சள் கோடு. ஐந்து மணிக்கு எழுந்திருப்பதற்கென்றே ராபின் ஷர்மா எழுதிய ஒன்றும் இருக்கிறது. அதை அவன் எட்டரைக்கு எழுந்து படித்தான்.

“அம்மா, வில் பவரை நம்பி எதையும் ஆரம்பிக்கக் கூடாதும்மா. சூழலை செட் பண்ணிட்டா பழக்கம் தானா வந்துடும்.”

அவன் சொல்வது தப்பில்லை. வெண்டி வுட் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மணிக்கொருமுறை நீங்கள் என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள் என்று ஆட்களைக் குறித்துவரச் சொன்னார்கள். குறித்துவந்ததில் சுமார் 43 சதவீதம், ஏறக்குறைய தினமும் அதே இடத்தில் செய்கிற காரியங்கள், பெரும்பாலும் வேறெதையோ நினைத்துக்கொண்டே செய்பவை. இடமும் நேரமும் கண்ணில் படுகிற பொருளுமே நம்மைச் செய்யவைக்கின்றன என்பது அதன் சாரம். அதனால்தான் சொல்கிறார்கள்: ஷூவை வாசலில் எடுத்துவை, பழத்தைக் கண்ணில் படும்படி வை, பிஸ்கட் டப்பாவை எட்டாத தட்டில் ஏற்று, நாளைக்குப் போடுகிற டிராக் பேன்ட்டை ராத்திரியே மடித்து வை. அறிவான யோசனைதான். ஆனால் வைப்பது யார்? டிராக் பேன்ட் மடித்து வைக்கும் நிலையில் இருக்க வேண்டுமென்றால் யாரோ ஒருவர் துவைத்து, மழைக்கு முன்னால் மொட்டை மாடியிலிருந்து எடுத்துவந்திருக்க வேண்டும். பழம் கண்ணில் பட வேண்டுமென்றால் யாரோ காந்தி மார்க்கெட்டில் பேரம் பேசிச் சுமந்துவந்திருக்க வேண்டும். இவர்கள் சொல்கிற ‘சூழல்’ என்பதற்கு எங்கள் ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, போட்டோவும் இருக்கிறது. அது நான்தான்.

அதே அலமாரியில் பெரிய மனிதர்களின் தினசரிப் பழக்கங்களைத் தொகுத்த புத்தகம் ஒன்று இருந்தது. லீவு நாளில் எடுத்துப் புரட்டினேன். ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் தினமும் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவாராம். எழுந்தார், எழுந்தார் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். எழுப்பியது மார்ட்டின் லாம்பே என்ற வேலைக்காரர், பட்டாளத்தில் இருந்து வந்தவர். நான் எவ்வளவு கெஞ்சினாலும் தூங்க விடாதே என்பது எஜமானர் போட்டிருந்த கட்டளை. அப்படியென்றால் லாம்பே நாலரைக்காவது எழுந்திருக்க வேண்டுமே, அவரை யார் எழுப்பினார்கள்? தத்துவ உலகம் இதை யோசித்த மாதிரி தெரியவில்லை.

இன்னொருவர் ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிராலப். 47 நாவல்கள் எழுதியவர், அதில் பலவற்றைத் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே. காலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதித் தள்ளுவார். இதுவரைக்கும் எல்லாரும் சொல்வார்கள். 1883-இல் வெளிவந்த சுயசரிதையில் அவரே இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். வயதான குதிரைக்காரர் ஒருவர்தான் தினமும் அவரை எழுப்பிக் காபி கொண்டுவந்து கொடுப்பார். அதற்கென்று வருஷத்துக்கு ஐந்து பவுண்டு தனியாகக் கூலி. அத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் ஒருநாளும் தாமதித்ததில்லை, என் வெற்றிக்காக வேறு யாரையும்விட அவருக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேனோ என்னவோ என்கிற அர்த்தத்தில் எழுதிவிட்டார். அந்த இடத்தில் எனக்கு டிராலப்பை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஐந்து பவுண்டோ ஐம்பது பவுண்டோ, கணக்கில் எழுதினாரே!

எங்கள் வீட்டிலும் நன்றி எழுதுகிற பழக்கம் வந்திருக்கிறது. படுக்கப் போகுமுன் அன்றைக்கு நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை நோட்டில் எழுதினால் மனசு லேசாகும் என்று யாரோ இவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டைத் தலைமாட்டில் வைத்திருக்கிறார். படுக்கை தட்டிப் போடும்போது திறந்தே கிடந்தது, பார்த்துவிட்டேன். ‘காலைக் காற்று. நல்ல தூக்கம். முளைப்பயறு.’ பயறுக்கு நன்றி சொல்லியிருக்கிறார். கட்டித் தொங்கவிட்டவளைக் காணோம்.

மனசு ஆறாமல் அத்தையிடம் போய்க் கான்ட் கதையையும் காபி கதையையும் சொன்னேன். அத்தை சின்ன உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். கான்ட் யார் என்று கேட்கவில்லை.

“உங்க மாமா தெனம் காலையில அஞ்சு மணிக்குப் பச்சத் தண்ணியில குளிச்சு, திருநீறு பூசிட்டுத்தான் வயலுக்குப் போவாரு. மழையோ பனியோ ஒரு நாள் தவறினதில்ல. என்னா ஒழுக்கம் என்னா ஒழுக்கம்னு லால்குடியே பேசும்.” இடிப்பதை நிறுத்தினார். “தண்ணி இறைச்சது யாருன்னு ஒருத்தரும் கேக்கல.”

எவ்வளவு ஆழக் கிணறு என்று கேட்டேன். கோடையில் கயிறு போதாமல் இன்னொரு கயிறு முடிச்சுப் போடுவார்களாம். மறுபடியும் இடிக்க ஆரம்பித்துவிட்டார்.

சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இப்போது ‘21 நாள் சவால்’ ஓடுகிறது. எதையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடுமாம். இந்த 21 எங்கிருந்து வந்தது என்று நூல் பிடித்துப் போனால், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜனிடம் போய் நிற்கிறது. ஆபரேஷன் முடிந்த நோயாளிகளுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். சொல்லிச் சொல்லி, குறைந்தது என்பது உதிர்ந்துபோய், முகமும் உதிர்ந்துபோய், 21 மட்டும் மிஞ்சிவிட்டது. பிறகு லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் கூட இருந்தவர்களும் 96 பேரை 84 நாள் கவனித்துக் கணக்குப் போட்டார்கள். சராசரி 66 நாள் வந்தது. ஆளுக்கும் காரியத்துக்கும் தக்கபடி 18 நாளிலிருந்து 254 நாள்வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதகம் இல்லை என்றும் சொன்னார்கள்.

அது லண்டனில். எங்கள் வீட்டில் ஒரு நாள் விட்டுப்போனால் விசாரணைக் கமிஷன். ஆடி மாசம் ஒரு நாள் பேங்கில் ஆடிட். வீடு திரும்ப எட்டரை மணி ஆகிவிட்டது. காலையில் போட்ட தண்ணீரிலேயே பயறு நுரைத்துப்போய்க் கிடந்தது. நாள் முழுக்க வீட்டில் இருந்தவர் இவர். மகனும் அன்றைக்கு வீட்டிலிருந்துதான் வேலை. கிண்ணம் டேபிளிலேயே, ஃபிரிட்ஜுக்கு இரண்டடி தூரத்தில், அந்தச் சார்ட்டுக்கு நேர் எதிரே இருந்தது. இருவரும் அதைத் தாண்டித் தாண்டித் தண்ணீர் எடுத்துக் குடித்திருக்கிறார்கள். மறுநாள் கட்டத்தில் டிக்குக்குப் பதிலாகச் சிவப்பு மையில் காரணம் எழுதியிருந்தது: ‘பயறு இல்லை.’ அவர் தம்பியிடம் போனில் சொல்கிறார், “நல்லா போயிட்டிருந்துச்சுப்பா, இவ மறந்துட்டா, செயின் கட்டாயிடுச்சு.”

பழக்கம் நிலைத்தால் அது அவருடைய மனவுறுதி. அறுந்தால் என் மறதி. வாழ்நாளெல்லாம் வரவு செலவு எழுதிப் பிழைக்கிறவள் நான், இந்தப் பேரேடு மட்டும் எனக்கு டேலி ஆகவே மாட்டேன் என்கிறது.

ராத்திரிக்கு இன்னொரு கூத்து இருக்கிறது. பத்தாயிரம் அடி. சாப்பிட்டு முடித்துப் போனைப் பார்ப்பார். எண்ணாயிரத்துச் சொச்சம் என்று காட்டும். உடனே கையில் போனோடு ஹாலில் சோபாவைச் சுற்றிப் பிரதட்சிணம் ஆரம்பமாகிவிடும். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்த மறு வருஷம், 1965-இல், ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. பத்தாயிரத்தைப் பெயரிலேயே சேர்த்து வைத்தது. வியாபாரத்துக்கு வைத்த எண், இன்றுவரைக்கும் ஆட்களை ராத்திரியில் ஹாலுக்குள் சுற்றவிடுகிறது. 2019-இல் ஐ-மின் லீ என்ற ஆய்வாளரின் குழுவினர், சராசரி வயது 72 உள்ள அமெரிக்கப் பெண்கள் பதினாறாயிரம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்ததில், ஒரு நாளைக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட மரண ஆபத்து நன்றாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் போனால் கூடுதல் பலன் தெரியவில்லை. இதை விளக்கிச் சொல்லி, படுங்களேன் என்றேன். “ரெண்டாயிரம் கூட நடந்தா தப்பா?” என்றார். தப்பில்லை. அவர் நடந்து முடிக்கும்வரை நான் ஹாலைப் பெருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

என் போன் ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் கிடக்கும். காலையில் எழுந்ததிலிருந்து அடுப்படிக்கும் மாடிக்கும் வாசலுக்கும் நான் நடக்கிற நடை எதுவும் அதற்குத் தெரியாது. ஒரு ராத்திரி மகன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “அம்மா, நீ சுத்தமா நடக்கறதே இல்லைம்மா, உடம்பு என்னாகும்?” என்றான். அப்போது என் கையில் துடைப்பம் இருந்தது. கடவுள் காப்பாற்றினார், அவனை.

இருந்தாலும் டாக்டரும் அதைத்தான் சொல்கிறார். வீட்டு வேலை எக்ஸர்சைஸ் ஆகாதும்மா, லேசாக மூச்சு வாங்குகிற மாதிரி வீசி நடக்கணும் என்கிறார். வாரத்துக்கு 150 நிமிஷமாவது அப்படி உடம்பு அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு, இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேர் போதிய அளவு உடலை அசைப்பதில்லை என்கிறது, ஆண்களில் 42. சரி, நாமும் அசைப்போம் என்று ஒரு நாள் சாயங்காலம் செருப்பை மாட்டினேன். தெருமுனை தாண்டவில்லை, எதிர் வீட்டு அக்கா, “எங்கம்மா இந்த நேரத்துல? வீட்ல யாரும் இல்லையா?” இவர் தினமும் ஐந்தரைக்குப் போகிறாரே, அவரை யாராவது இப்படிக் கேட்டதுண்டா? அடுத்த திருப்பத்தில் போன். “குக்கர் விசில் வந்துக்கிட்டே இருக்கு, எத்தனையில ஆஃப் பண்ணணும்?” அதற்கடுத்து அத்தைக்கு மாத்திரை மஞ்சளா வெள்ளையா. அதற்கடுத்து தோசை மாவு மேல் தட்டா கீழ்த் தட்டா. மாவட்டத்துக்கு மாவட்டம் எட்டு கிலோமீட்டர் நடைபாதை என்று அரசாங்கம் 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தை ஆரம்பித்தது. நல்ல திட்டம். பாதை தயார். போகிறவளைத்தான் வீடு விடமாட்டேன் என்கிறது.

நேரம் இல்லை என்று சொன்னால், நேரத்தை நாமதான் உண்டாக்கணும் என்று ஒரு வசனம் வைத்திருக்கிறார்கள். யாரிடமிருந்து உண்டாக்க? மத்திய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: கூலி இல்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரி 289 நிமிஷம் செலவிடுகிறார்கள், செய்கிற ஆண்கள் 88. வித்தியாசம் 201 நிமிஷம். அந்த 201 நிமிஷத்தில் நடை, யோகா, தியானம், புத்தகம், நன்றி நோட்டு அத்தனையும் அடக்கிவிட்டு, பாக்கி நேரத்தில் குட்டித் தூக்கமும் போடலாம். இவர்களுடைய நல்ல பழக்கமெல்லாம் எங்கே குடியிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் முகவரி கிடைத்தது. 2019 கணக்கில் இது 299-க்கு 97. ஐந்து வருஷத்தில் எங்களுக்குப் பத்து நிமிஷம் குறைந்திருக்கிறது. அவர்களுக்கும் ஒன்பது குறைந்திருக்கிறது, அதில் மட்டும் சமத்துவம்.

போன வாரம் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசிவிட்டேன். நல்ல பழக்கம் எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஊறப்போடுவதிலிருந்து துணி அலசுவதுவரை அவரவர் பொறுப்பு. முட்டையை அவிப்பதும் உரிப்பதும் மஞ்சள்கருவுக்கு வழி சொல்வதும் தின்கிறவன் பாடு. இரண்டு பேரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. “அட, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார் இவர், ரொம்ப நியாயமான முகத்தோடு. மகன் ஷேக்கரைத் தானே கழுவுவதாகச் சொன்னான். கழுவ மறந்தாலும் கைவசம் ஒன்று இருக்கட்டுமென்று இன்னொரு ஷேக்கர் ஆர்டர் போட்டுவிட்டான். இப்போது இரண்டு நாறுகின்றன.

இவர் ஃபிரிட்ஜ் கதவுச் சார்ட்டில் புதிதாக ஒரு வரி சேர்த்தார்: 7.30 பயறு வடித்துக் கட்டுதல். முதல் நாள் செய்தும் காட்டினார். வேட்டித் துணி கண்ணில் படாததால் என் புதுத் துண்டில் கட்டினார், அடுப்படித் தரை முழுக்கத் தண்ணீர், ஆனாலும் கட்டினார், டிக் போட்டார், தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னார். மறந்துவிடக் கூடாது என்று போனில் அலாரமும் வைத்துக்கொண்டார். நேற்று ஏழரைக்கு அலாரம் அடித்தது. அவர் ஹாலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார், போன் உள் அறையில் இருந்தது, நான் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏம்மா, உன் அலாரம் அடிக்குது பாரு.”

நான் நகரவில்லை. யாரும் அணைக்காவிட்டால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அடிக்கும்படி மகன் செட் பண்ணிக் கொடுத்திருக்கிறான். அடித்தது. டி.வி. சத்தத்தை இவர் இன்னும் இரண்டு புள்ளி கூட்டிவைத்தார்.